ஆக்சிலியா கடைப் போன் மட்டும் கத்தியது

எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். ஏரியூர் கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தையல்கார பானுமதியிடம் வாயைக் கொடுத்தால் லேசில் தப்ப முடியாது என்று. அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிலியா ஒரு தப்பும் செய்யவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் கடைக்கும் அவளுடைய செல்போன் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். மெஷினை நிறுத்தினால் அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். கடைவீதியில் இன்னும் இரண்டு செல்போன் கடைகள் உண்டு. அங்கே போனைக் கொடுத்துக் காசைக் கல்லாவில் போட்டால் வேலை முடிந்தது. ஆக்சிலியாவுக்கு விற்ற பிறகுதான் வேலையே ஆரம்பிக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குப் பெயருக்குப் பதிலாகப் படம் வைத்துக் கொடுப்பாள். பால் சொசைட்டிக்கு மாட்டுப் படம், கரண்ட் ஆபீசுக்கு பல்பு, மகளுக்கு மகளின் படமே. "மருமகளுக்கு என்ன படம் வெக்கட்டுங்க?" என்று அவள் கேட்பதும் அதற்கு நம் பெண்கள் சொல்லும் பதிலும்! ஊசியில் நூல் கோக்க முடியாமல் நான் சிரித்த நாட்கள் உண்டு.

எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒன்று செய்வாள். போனுக்குள் ஒன்றைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, எங்கோ ஆழத்தில் இருக்கும் ஓர் இடத்துக்குப் போவாள். வெள்ளம், புயல் என்றால் அரசாங்கம் அனுப்புகிற எச்சரிக்கை வந்து சேரும் இடம் அது. எங்கள் பக்கம் புழங்குகிற நிறைய போன்களில் அது அணைந்தே கிடக்கும் என்பாள். அதைத் திறந்துவிடுவாள். தமிழில் வரும்படி வைப்பாள். படிக்கத் தெரியாதவர்களுக்காக வாய்விட்டுப் பேசும்படியும் வைப்பாள். பிறகு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை போட்டுக் காட்டுவாள். காதைக் கிழிக்கிற சத்தம். கேட்பவர்கள் முகம் சுளிக்கும்போது எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்வாள்.

"இது கத்துச்சுனா சாமியே வந்து சொன்னாப்புல. நெசமா பொய்யானு யாரையும் கேக்காதீங்க. அள்ளறத அள்ளிக்கிட்டு மேட்டுக்கு ஓடுங்க."

கேட்டுக் கேட்டு எனக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

அவள் அப்படி இருந்ததற்குக் காரணம் அவளுடைய அப்பா சவரிமுத்து. நாகமரைக்குப் போகும் வழியில், மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து முட்டுகிற கடைக்கோடியில், மணல்திட்டு என்று ஒரு சின்ன ஊர். கோடையில் தண்ணீர் பின்வாங்கினால் படுகை வெளியே வரும். நல்ல வண்டல். மேட்டுக்காட்டில் எவ்வளவு பாடுபட்டாலும் வராத விளைச்சல் அங்கே விதையைத் தூவினாலே வரும். பட்டா கிடையாது. தண்ணீர் திரும்பி வரும்வரை யார் உழுகிறார்களோ அவர்களுடைய காடு. நிலக்கடலை போடுவார்கள், எள் போடுவார்கள், ஆட்டுப் பட்டியையும் அங்கேயே இறக்கிவிடுவார்கள்.

சவரிமுத்துவின் காடு நடுவில் ஓடும் ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு திட்டின்மேல் இருந்தது. ஆக்சிலியா பிளஸ் டூ படித்த வருஷம், கர்நாடகாவில் திறந்த தண்ணீர் எதிர்பாராத வேகத்தில் வந்துவிட்டது. தமுக்கு அடிக்க வந்தவன் ரோட்டோடு அடித்துவிட்டுப் போய்விட்டான். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அதே ஊர்த் தீர்த்தம்மாள்தான் தண்ணீரைப் பார்த்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். தண்ணீர் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு கடலைக்குக் களை வெட்டிக்கொண்டே இருந்தாராம். நிமிர்ந்து பார்த்தபோது நாலு பக்கமும் தண்ணீர்.

அன்றைக்குப் போன தீர்த்தம்மாளின் குரல் பழையபடி திரும்பவே இல்லை. இன்றைக்கும் கரகரவென்றுதான் பேசுவாள். ஆக்சிலியாவுக்கு அவள் பெரிம்மா. ரத்த உறவு இல்லை. இவர்கள் அந்தோணியார் கோயில், அவர்கள் மாரியம்மன் கோயில். ஆனாலும் அப்பாவைக் கடைசியாகக் கூப்பிட்டுப் பார்த்த மனுஷி என்று ஆக்சிலியாவுக்கு அவள்மேல் ஒரு தனிப் பிடிப்பு.

நர்சுக்குப் படிக்க வேண்டும் என்றிருந்த பெண், அப்பா போனதும் ஓசூர் பக்கம் போன் தயாரிக்கிற கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். போனின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அங்கேதான் கற்றுக்கொண்டாள். அமல்தாஸைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். அவன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மாதம் ஒரு தரம் தலையைக் காட்டுவான். கம்பெனியில் சேர்த்த பணத்தைப் போட்டுக் கடை வைத்தாள். முதல் போனைத் தீர்த்தம்மாளுக்குச் சும்மா கொடுத்தாள். தீர்த்தம்மாள் சும்மா வாங்குகிற ஆளா? மறுநாளே ஒரு மூட்டை பச்சைக் கடலையைக் கொண்டுவந்து கடை வாசலில் கொட்டினாள். கடைவீதி முழுக்க அன்றைக்கு வேகவைத்த கடலை வாசம்.

மணல்திட்டில் போன் வாங்க நினைத்தவர்கள் எல்லாம் அதன்பிறகு ஆக்சிலியா கடைக்குத்தான் வந்தார்கள். அந்த ஊரில் ஒருத்தருக்குக்கூடத் தன் அப்பாவுக்கு நடந்தது நடக்கக் கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பிடிவாதம். வேறு எதற்கும் அவள் இத்தனை மல்லுக்கட்டி நான் பார்த்ததில்லை.

போன வருஷம் சித்திரை மாதம், ஒரு காலை நேரம். எதிரே காளியப்பனின் டீக்கடையில் கூட்டம். திடீரென்று கல்லாமேல் இருந்த அவன் போன் அலறியது. அடுத்து பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணின் பைக்குள் ஒன்று. காய்கறிக் கடையில் ஒன்று. அலறி முடித்ததும் ஒரு பெண் குரல் நிறுத்தி நிதானமாகத் தமிழில் பேசியது. காவிரியில் வெள்ளம் வருகிறது, கரையோர மக்கள் உடனே மேடான பகுதிக்குப் போகவும் என்றது.

ஆக்சிலியா தெருவுக்கே ஓடிவந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. தீர்த்தம்மாளுக்குப் போன் போட்டாள். அந்தக் கரகரப்புக் குரல் எனக்கே கேட்டது.

"நீ சொன்னாப்புலயே கத்துச்சு கண்ணு. ஓடிக்கிட்டுதான் இருக்கறோம். ஆட்ட ஓட்டிட்டோம்."

வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. கர்நாடகாவில் குடிக்கவே தண்ணீர் இல்லை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. வேறு ஊராக இருந்தால் எவனாவது ஒருவன் நின்று யோசித்திருப்பான். மணல்திட்டுக்காரர்கள் யோசிக்கவில்லை. யாரையும் கேட்காதே, ஓடு என்று அத்தனை பேருக்கும் ஆக்சிலியா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

வருகிற தண்ணீர் கடலையைக் கொண்டுபோவதைவிட நாம் பிடுங்கிக்கொள்வோம் என்று குடும்பம் குடும்பமாக இறங்கிச் செடியைப் பிடுங்கினார்கள். காய் இன்னும் பருப்புப் பிடிக்காத செடி. ஆட்டுக் கூட்டம் மேலே ஏறியது. அங்கே இன்னொரு சங்கடம். மேட்டுக்காடு முழுக்கக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. அந்தத் தழையைத் தின்றால் ஆடு வயிறு உப்பிச் செத்துப்போகும். பட்டி போட இடம் இல்லை. ஆடுகளைப் பிடித்து நிறுத்தவும் ஆள் இல்லை. வெயிலில் ஆடும் மனுஷரும் தவித்துக்கொண்டிருந்தபோது ஆட்டு வியாபாரி சந்திரமோகன் வேனோடு வந்தான். வாராவாரம் வருகிறவன்தான். நிலைமையைப் பார்த்தான், வாய்க்கு வந்த விலையைக் கேட்டான். தழையைத் தின்று சாவதற்கு இவனுக்கே கொடுத்துவிடலாம் என்று கொடுத்தார்கள். தீர்த்தம்மாள் தன்னுடைய சினை ஆடுகளைக்கூட ஏற்றிவிட்டாள்.

வேன் புறப்பட்டுப் போன பிறகு எல்லாப் போன்களுக்கும் இன்னொரு செய்தி வந்தது. இந்தத் தரம் அலறவில்லை, பேசவும் இல்லை. சாதாரண மெசேஜ் மாதிரி, அதுவும் இங்கிலீஷில், சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக்சிலியாதான் எனக்குப் படித்துச் சொன்னாள். முன்பு வந்த செய்தி தவறுதலாக அனுப்பப்பட்டது, பொருட்படுத்த வேண்டாம் என்று இருந்தது. மேலே எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ பரிசோதனைக்கு வைத்திருந்ததை நிஜமாகவே அனுப்பிவிட்டார்களாம். ஓடு என்று சொல்வதற்கு அத்தனை சத்தம் போடத் தெரிந்தவர்களுக்குத் தப்பு எங்களுடையது என்று சொல்லும்போது மட்டும் தொண்டை அடைத்துக்கொண்டது.

சாயங்காலம் மணல்திட்டுக்காரர்கள் கடைவீதிக்கு வந்தார்கள். வந்தபோது யார்மேலும் கோபம் இல்லை. என்ன நடந்தது என்று கேட்கத்தான் வந்தார்கள். காளியப்பன்தான் டீ ஆற்றிக்கொண்டே அந்தக் கேள்வியை எடுத்து நடுவில் போட்டான்.

"எல்லாஞ் சரி. பஸ் ஸ்டாண்டுல அத்தன பேரு நின்னாங்க. ஒருத்தன் போனும் கத்துல. ஆக்சிலியா கடையில வாங்குன போன் மட்டும் எப்பிடிங்க கத்துச்சு?"

கேள்வி என்னவோ நியாயமானதுதான். எல்லோரும் தங்கள் போனையும் பக்கத்தில் இருப்பவர் போனையும் பார்த்தார்கள். அவன் சொன்னது சரியாக இருந்தது.

ஆக்சிலியா வெளியே வந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். "நான்தாங்க எல்லாப் போன்லயும் அதத் தொறந்து வெச்சேன். மத்த போன்ல அது மூடிக் கெடக்குது. அதான் கத்துல. செய்திய அனுப்புனது நான் இல்லீங்க, அது வந்து சேர்ற வழியத் தொறந்து வெச்சதுதான் நான்."

இவள் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். எனக்கென்ன தெரியும் என்று கையை விரித்திருக்கலாம். அந்தக் கூட்டத்தில் ஏறியது "நான்தான்" என்ற ஒரு சொல் மட்டும்தான். மீதி எதுவும் யார் காதிலும் ஏறவில்லை.

அடுத்த நாளிலிருந்து கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். அந்தோணியார் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் மைக்கில் அறிவிப்புச் சொல்பவள் ஆக்சிலியா. அதனால் ஸ்பீக்கரில் அவள் குரல் ஊருக்கே பழக்கம். போனில் பேசியதும் ஒரு பெண் குரல். "அது அவ கொரலுதான்யா, நான் அடிச்சுச் சொல்லுவேன்" என்றான் காளியப்பன். நான் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய், "அறிவு கெட்டவனே, உலகம் பூராவும் போனுக்குள்ள பேசறது பொம்பளதான். அதெல்லாம் ஆக்சிலியாவா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு மறுபடியும் அதையேதான் பேசினார்கள்.

சந்திரமோகனின் போனும் ஆக்சிலியா கடையில் வாங்கியது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். முதல் நாள் சாயங்காலம் அவன் ரீசார்ஜ் செய்ய வந்ததை இன்னொருவர் பார்த்திருந்தார். அது போதாதா? இவள் போனைக் கத்த வைத்தாளாம், அவன் வேனோடு தயாராக நின்றானாம், ஆட்டுக்கு இவ்வளவு என்று பங்கு பேசிக்கொண்டார்களாம். சந்திரமோகனைக் கேட்டால், "நான் வியாபாரி. வித்தாங்க, வாங்குனேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். அவன்மேல் ஒரு தூசும் ஒட்டவில்லை. வாரச் சந்தையில் வழக்கம்போல ஆடு வாங்கினான், விற்றான். சந்தேகமெல்லாம் மொத்தமாக இவள்மேல் வந்து இறங்கியது.

தர்மபுரியிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மத்தியானம் முழுக்கக் கடையைப் பார்த்தார்கள், கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள், நாலைந்து போனை வாங்கி நோண்டினார்கள். இப்படி ஒரு செய்தியை ஒரு கடையிலிருந்து அனுப்பவே முடியாது என்று அவளிடமே சொன்னார்கள். நல்ல மனுஷர்கள்தான்.

ஆக்சிலியா கையெடுத்துக் கும்பிட்டாள். "சார், இந்த ஒரு வார்த்தைய அந்த டீக்கடையில நின்னு சொல்லிட்டுப் போங்க சார். வேற ஒண்ணும் வேணாம்."

"எங்களுக்கு அதுக்கெல்லாம் ஆர்டர் இல்லம்மா. உம்மேல கேஸ் இல்ல. அதுவே போதும்னு இரு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்கள்.

ஜீப் கிளம்பியதைப் பார்த்துத் தெரு என்ன சொன்னது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? விஷயம் ஒன்றும் இல்லாமலா போலீஸ் வந்தது என்றார்கள். பேப்பரில்கூட ஒரு மூலையில், ஒரு விரல் நீளத்துக்கு, தவறுதலாக அனுப்பப்பட்ட செய்தி என்று போட்டிருந்தான். ஆக்சிலியா அதை வெட்டிக் கடை முன்னால் ஒட்டினாள். நின்று படித்தவர்களை நான் பார்க்கவில்லை. மழை வருவதற்குள் அது வெயிலிலேயே வெளுத்துப்போனது.

பிறகு கடைக்கு ஆள் வருவது நின்றது. கொஞ்ச நாள் கழித்து ஒரே ஒரு காரியத்துக்காக வர ஆரம்பித்தார்கள்.

"அதெ அமுத்திருமா. எங்கூட்டுக்காரரு திட்டறாரு."

முதலில் அவள் மல்லுக்கட்டினாள். ஒருதரம் தப்பாக வந்ததற்காக ஒரேயடியாக மூடலாமா, ஆடி மாதம் தண்ணீர் வந்தால் யார் வந்து சொல்வார்கள், அப்பாவுக்கு நடந்தது மறந்துபோனதா என்று கெஞ்சினாள். அவள் கெஞ்சக் கெஞ்ச, இவ்வளவு கெஞ்சுகிறாள் என்றால் அதில் இவளுக்கு ஏதோ இருக்கிறது என்றுதான் அவர்களுக்குப் பட்டது. தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கடைசியில் அவள் வாயைத் திறப்பதை விட்டுவிட்டாள். போனை வாங்குவாள், ஒன்றைத் திறந்து அதற்குள் இன்னொன்றைத் திறந்து அந்த இடத்தை அணைப்பாள், பேசாமல் திருப்பிக் கொடுப்பாள். திறந்து வைத்தபோதும் காசு வாங்கியதில்லை, அணைத்தபோதும் வாங்கவில்லை.

தீர்த்தம்மாள் கடைசியாக வந்தாள். புடவைத் தலைப்பில் முடிந்திருந்த போனை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். ஆக்சிலியா அதைத் தொடவில்லை.

"பெரிம்மா, உங்க போன்ல மட்டும் இருக்கட்டும். எனக்காவ."

"வேணாம் கண்ணு."

"உங்களுக்குமா பெரிம்மா எம்மேல சந்தேகம்?"

தீர்த்தம்மாள் போனை ஆக்சிலியாவின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு அந்தக் கரகரத்த குரலில் சொன்னாள். "சந்தேகம்னு இல்ல. ஆனா அந்தக் கொரலு உன்னுதாட்டவே இருக்குது. பட்டி காலியாக் கெடக்கறதப் பாக்கறப்பல்லாம் அதான் காதுல கேக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

ஆக்சிலியா போனை எடுத்து அணைத்துக் கொடுத்தாள். அதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

படுகைக்குத் திரும்பியவர்கள் வைகாசியில் மறுபடியும் விதைத்தார்கள். முதல் கடலையை அவர்களே பிடுங்கிப் போட்டுவிட்டதால் காலம் தப்பிய விதைப்பு. தீர்த்தம்மாள், மற்ற இடத்தில் ஈரம் போய்விட்டது என்று, ஓடைக்கு அந்தப் பக்கத் திட்டில் போய்ப் போட்டாள். சவரிமுத்து ஒரு காலத்தில் உழுத அதே திட்டு. தங்கச்சி வீட்டிலிருந்து ஓட்டி வந்த இரண்டு ஆடுகளையும் அங்கேயே கட்டினாள். வழக்கமாக ஆனி பிறக்கும்போது படுகையில் பயிர் இருக்காது. அந்த வருஷம் பச்சைப் பசேல் என்று நின்றது.

ஆனி கடைசியில் ஒரு மத்தியானம். கர்நாடகாவில் மழை பிடித்துக்கொண்டது என்று இரண்டு நாளாகப் பேச்சு. நான் ஒரு பள்ளிக்கூடப் பாவாடைக்கு மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த அலறல் ஆரம்பித்து, ஆரம்பித்த வேகத்தில் அமுங்கிப்போனது. எட்டிப் பார்த்தேன். ஆக்சிலியா போனை வயிற்றோடு வைத்து, முந்தானையைச் சுருட்டி அதன்மேல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு குனிந்து நின்றாள். அந்தப் பெண் குரல் துணிக்குள்ளிருந்து முனகிக்கொண்டிருந்தது. கடைவீதியில் கத்தியது அந்த ஒரு போன்தான். என்னுடையது பட்டன் போன், அதில் இதெல்லாம் வராது. மற்றதையெல்லாம் அவளே அணைத்திருந்தாள்.

எதிர்க்கடையிலிருந்து காளியப்பன் தலையைத் தூக்கினான். "என்னாது?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா. மாத்திரைக்கு அலாரம் வெச்சிருந்தேன்."

ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து, இது கத்தினால் சாமி என்று சொல்லிக் கொடுத்தவள், அது நிஜமாகக் கத்திய நாளில் திருடினவளைப்போல அதை ஒளித்தாள். அதைப் பார்த்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த நிமிஷம் என் கடை வாசலில் நின்றாள். "பானுக்கா, வண்டிய எடுங்க. மணல்திட்டு." வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் போன் போட்டுக்கொண்டே வந்தாள். தீர்த்தம்மாள் எடுக்கவில்லை. ஊருக்குள் யார் எடுத்தாலும், இவள் குரல் கேட்டதும் வைத்துவிட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து மைக் கட்டிய வண்டி புறப்பட்டுவிட்டதாக வழியில் ஒருவர் சொன்னார். அது வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

நான் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுவதற்குள் அவள் சரிவில் இறங்கிக் கரைக்கு ஓடிவிட்டாள். ஓடையில் இன்னும் கணுக்கால் தண்ணீர்தான். ஆனால் அதன் நிறம் மாறியிருந்தது, செம்மண் கரைத்த மாதிரி. அந்தப் பக்கத் திட்டில் தீர்த்தம்மாள் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரிம்மா!" என்று ஆக்சிலியா கத்தினாள். "தண்ணி வருது பெரிம்மா! ஏறி வாங்க!"

காற்று இல்லை, இரைச்சல் இல்லை. பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி கேட்டது. ரோட்டில் நின்ற எனக்கே தெளிவாகக் கேட்டது. தீர்த்தம்மாள் நிமிர்ந்தாள். இவளைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். எங்கள் பக்கம் வெயில்.

"இந்தவாட்டி யாருக்கு ஆடு வேணும்?" என்றாள்.

ஆக்சிலியா அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய அப்பாவுக்குக் குரல் எட்டவில்லை, போனார். இங்கே குரல் நன்றாகவே எட்டியது. பிறகு அவள் ஓடையில் இறங்கி அந்தப் பக்கம் போனாள். கையைப் பிடித்து இழுத்தாள், தீர்த்தம்மாள் உதறினாள். இவள் ஆட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனபோது தீர்த்தம்மாள் களைக்கொத்தை ஓங்கிக்கொண்டே வந்தாள். "தொடாத! அதையாவது விட்டு வெய்யி!" நான் சரிவில் பாதி தூரம் இறங்கியிருந்தேன். ஓடை அதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. "திரும்பி வாடி!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் ஆக்சிலியா இந்தக் கரைக்கு வந்தாள். அழுதுகொண்டே வந்தாள்.

தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தீர்த்தம்மாள் ஆடுகளை அவிழ்த்தாள். ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். அதற்குள் ஓடை ஆறாகிவிட்டது. ஆக்சிலியா கரையோரமாகவே ஓடி, நாகமரைத் துறையிலிருந்து பரிசல்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் தீர்த்தம்மாளைக் கொண்டுவந்து கரை சேர்த்தார்கள். ஆடுகளை ஏற்ற முடியவில்லை. கரையில் இறங்கிய தீர்த்தம்மாள் திட்டைத் திரும்பிப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

ஆடி மாதமே ஆக்சிலியா கடையைக் காலி செய்தாள். அமல்தாஸ் பெங்களூருக்கே கூப்பிட்டான். ஒரு பெரிய கடையில் கவர் மாட்டுகிற, கண்ணாடி ஒட்டுகிற வேலையாம். சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது தீர்த்தம்மாள் வந்தாள். தலைப்பு முடிச்சை அவிழ்த்துப் போனைக் கல்லாமேல் வைத்தாள்.

"அதெ மறுபடியும் தொறந்து வெச்சுரு கண்ணு."

ஆக்சிலியா நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு வேற யாரு வந்து கூப்பிட்டிருந்தாலும் ஏறி வந்திருப்பேன்" என்றாள் தீர்த்தம்மாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். "நீ வந்ததாலதான் நான் நகருல. மனசு அப்பிடி ஆயிருச்சு. தண்ணி நெசமா வந்ததுல இப்ப ஊருல எல்லாருக்கும் தெரியுது உம்மேல தப்பு இல்லன்னு. வெச்சுக் குடு."

ஆக்சிலியா போனைக் கையில் எடுத்தாள். பழைய போன், அவள் முதன்முதலில் கொடுத்தது. அதில் தன் பெயருக்குப் பதிலாக வைத்துக் கொடுத்திருந்த தன் படத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அதைத் தீர்த்தம்மாளின் கையிலேயே வைத்து விரல்களை மூடினாள்.

"வேற கடையில குடுத்து வெச்சுக்கங்க பெரிம்மா. நான் வெச்சா, அது கத்தறப்ப உங்களுக்கு மறுபடியும் என் ஞாபகந்தான் வரும். நீங்க எழுந்திரிக்க மாட்டீங்க."

தீர்த்தம்மாள் போனை மறுபடியும் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

பஸ் ஏறும்வரை நான் ஆக்சிலியாவின் கூடவே நின்றேன். அவள் போன பிறகு தீர்த்தம்மாளை நானே இன்னொரு செல்போன் கடைக்குக் கூட்டிப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரன் போனை வாங்கி இந்தப் பக்கம் தள்ளினான், அந்தப் பக்கம் தள்ளினான், ஒன்றைத் திறந்தான், மூடினான். அடுத்த கடையிலும் அதேதான். அது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.